பதின்மூன்று தேர்தல், ஏழு தொகுதி: கலைஞர் ஓடினாரா, நகர்ந்தாரா?

கேள்வி (ஆகஸ்ட் 7, மாலை 6.10)

"நின்ற 13 சட்டமன்றத் தேர்தலிலும் கலைஞர் தோற்றதே இல்லை என்று வருஷா வருஷம் அவருடைய நினைவு நாளில் எழுதுகிறீர்கள். ஒரே தொகுதியில் நின்று 13 தடவை ஜெயித்திருந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். எங்கே கால் வழுக்கும் என்று தெரிகிறதோ அங்கிருந்து கிளம்பிவிட்டால் யாருக்குத்தான் தோல்வி வரும்? குளித்தலையில் தொடங்கித் திருவாரூர் வரைக்கும் ஓட்டம்தானே?"

ஆகஸ்ட் 7, இரவு 9.40

ஓட்டம் இல்லை. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

1957 குளித்தலை. 1962 தஞ்சாவூர். 1967, 1971 சைதாப்பேட்டை. 1977, 1980 அண்ணா நகர். 1989, 1991 துறைமுகம். 1996, 2001, 2006 சேப்பாக்கம். 2011, 2016 திருவாரூர். மொத்தம் ஏழு தொகுதி. இந்தப் 13 வெற்றியில் கட்சி ஆட்சியைப் பிடித்தது ஐந்து தடவை மட்டும்: 1967, 1971, 1989, 1996, 2006. மற்ற எட்டு தடவையும் கட்சி தோற்ற தேர்தலில் இவர் ஜெயித்து உள்ளே போனார். காற்று எதிராக அடிக்கும்போது தொகுதி மாறினால் மட்டும் ஜெயித்துவிட முடியுமா? காமராஜர் 1967ல் சொந்த ஊரான விருதுநகரிலேயே நின்றார். 1,285 ஓட்டில் தோற்றார். சொந்த ஊர் காப்பாற்றவில்லையே.

ஆகஸ்ட் 8, காலை 7.15

இரவு எழுதியதைக் காலையில் படித்துப் பார்த்தேன். கேள்வி கேட்டவருக்கு நான் பதிலே சொல்லவில்லை. அவர் கேட்டது 'விட்டுப் போன இடத்தில் என்ன நடந்தது' என்பது. அதைப் பார்க்காமல் கோபப்பட்டுப் பயனில்லை. பார்த்தேன். முதல் இரண்டு நகர்வும் கேள்வி கேட்டவர் பக்கம்தான் சாட்சி சொல்கின்றன.

குளித்தலையில் 1957ல் காங்கிரஸின் தர்மலிங்கத்தை 8,296 ஓட்டில் வென்றார். வயது 32. திமுக சந்தித்த முதல் பொதுத்தேர்தல் அது. கட்சிக்கு அங்கீகாரம் கிடையாது, தேர்தல் ஆணையப் பதிவில் சுயேச்சை என்றுதான் இருக்கும். 15 பேர் உள்ளே போனார்கள். சட்டமன்றத்தில் இவர் முதலில் பேசியது நங்கவரம் விவசாயிகளைப் பற்றி. தொகுதிக்குள் இருந்த பிரச்சினை அது, அவரே போய் நின்ற போராட்டம். அப்படியிருந்தும் 1962ல் அங்கே நிற்கவில்லை, தஞ்சாவூர் போனார். அந்த முறை குளித்தலையைக் காங்கிரஸ் எடுத்துக்கொண்டது.

தஞ்சாவூரில் பரிசுத்த நாடாரை 1,928 ஓட்டில் வென்றார். அது பெரிய வித்தியாசம் இல்லை. 1967ல் தஞ்சாவூரை விட்டுச் சைதாப்பேட்டை வந்தார். மாநிலமே திமுக பக்கம் சாய்ந்த அந்த 1967ல், முதலமைச்சர் பக்தவத்சலமே ஸ்ரீபெரும்புதூரில் தோற்ற அந்த வருஷத்தில், தஞ்சாவூரில் பரிசுத்த நாடார் திரும்ப ஜெயித்துவிட்டார். அலை வந்து மோதியும் அந்த ஊர் அசையவில்லை.

ஆக, இரண்டு இடத்திலும் இவர் கிளம்பிய பிறகு காங்கிரஸ். கேள்வி கேட்டவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஆகஸ்ட் 8, இரவு 10.05

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1957ல் உள்ளே போன அந்தப் 15 பேரைக் குறிவைத்து வீழ்த்த வேண்டும் என்று 1962ல் காங்கிரஸ் வேலை செய்தது. அண்ணாவே காஞ்சிபுரத்தில் நடேச முதலியாரிடம் தோற்றார். கட்சி மொத்தத்தில் 15லிருந்து 50க்கு வளர்ந்த தேர்தல் அது. கட்சி வளர்கிறது, கட்சியின் தலைவர் தோற்கிறார். பழைய ஆட்கள் பலரும் இருந்த இடத்திலேயே நின்று விழுந்தார்கள். இவர் இடம் மாறி நின்று பிழைத்தார்.

கேள்வி கேட்டவர் இதை ஓட்டம் என்கிறார். எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. தஞ்சாவூர் சும்மா கிடந்த இடம் இல்லை. பரிசுத்த நாடார் 1957ல் அங்கே ஜெயித்து உட்கார்ந்திருந்த எம்.எல்.ஏ. தப்பிக்க நினைக்கிறவன் எதிரியின் வீட்டுக் கதவைத் தட்டுவானா?

சரி, இது வாதம்தான், நிரூபணம் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 9, பகல் 1.30

சைதாப்பேட்டைக்கு வருவோம். கேள்வி கேட்டவரின் கணக்கு இங்கேதான் உடைகிறது.

1967ல் 20,482 ஓட்டு வித்தியாசம். 1971ல் குடந்தை ராமலிங்கத்தை 12,511ல் வென்றார். 1977ல் அண்ணா நகருக்குப் போனார். பயந்து போனார் என்றால் சைதாப்பேட்டை கைநழுவியிருக்க வேண்டும். நழுவவில்லை. 1977லும் 1980லும் திமுகவின் புருஷோத்தமன்தான் அங்கே ஜெயித்தார். அண்ணா நகரை விட்ட பிறகு 1984ல் அங்கேயும் திமுகதான் ஜெயித்தது. துறைமுகத்துக்கு 1989ல் வந்தாரே, அது ஏற்கெனவே கட்சி திரும்பத் திரும்ப ஜெயித்துக்கொண்டிருந்த இடம்.

சென்னைக்கு வந்த பிறகு நடந்தது வேறு கதை. 1959ல் மாநகராட்சியைப் பிடித்த நாளிலிருந்து இந்த நகரம் திமுகவின் கோட்டை. கோட்டைக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகிற ஆளை ஓடுகிறான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகஸ்ட் 9, பகல் 1.50

ஒருவர் உடனே கேட்டுவிட்டார்: "கோட்டைக்குள் இருந்த ஆளுக்கு 1980ல் ஏன் மூச்சு வாங்கியது?"

நல்ல கேள்வி. அதற்கு நான் நேரம் எடுத்து எழுத வேண்டும். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது.

ஆகஸ்ட் 11, இரவு 11.20

1980. எனக்குப் பன்னிரண்டு வயது. அமைந்தகரையில் ஒண்டுக் குடித்தனம். அண்ணா நகர் தொகுதி எங்களுடையது. எதிரே நின்றவர் டாக்டர் எச்.வி. ஹண்டே. சுதந்திரா கட்சியிலிருந்து எம்.ஜி.ஆர். பக்கம் வந்தவர். பக்கத்தில் ஷெனாய் நகரில் மருத்துவம் பார்த்தவர், அதனால் எங்கள் தெருவில் பலருக்குத் தெரிந்த முகம். ஒரு பக்கம் முன்னாள் முதலமைச்சர், இன்னொரு பக்கம் அடுத்த தெரு டாக்டர். தெருவில் இருந்த பெரியவர்கள் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாநில நிலவரத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஜனவரியில் மக்களவைத் தேர்தலில் திமுக - காங்கிரஸ் கூட்டணி 39ல் 37 இடம். எம்.ஜி.ஆருக்குக் கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும் மட்டும். பிப்ரவரியில் அவருடைய ஆட்சியைக் கலைத்தார்கள். எல்லாரும் கலைஞர்தான் அடுத்த முதல்வர் என்று நினைத்தார்கள். நாலே மாதத்தில் கதை மாறியது. அதிமுக 129, திமுக 37. ஆட்சியைக் கலைத்தது அநியாயம் என்று மக்கள் நினைத்தார்கள். எம்.ஜி.ஆர். "நான் என்ன தவறு செய்தேன்" என்று கேட்டுக்கொண்டு போனதற்குத் தெருவுக்குத் தெரு பதில் கிடைத்தது.

எண்ணிக்கை நாளன்று எங்கள் தெருமுனையில் டீக்கடைப் பலகையில் சாக்பீஸால் சுற்றுக்குச் சுற்று எழுதினார்கள். 'க' என்று ஒரு பக்கம், 'ஹ' என்று ஒரு பக்கம். யாரோ சைக்கிளில் போய் எண்ணிக்கை மையத்துக்கு வெளியே காத்திருந்து எண் கொண்டு வருவார். முதலில் எழுதியதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மேலே புதுசாக எழுதுவார்கள். ஈரம் காயாத பலகையில் சாக்பீஸ் பிடிக்காது, எண் பாதியில் மறையும். ஒரு கட்டத்தில் யார் முன்னால் என்று படிக்கவே முடியாமல் பெரியவர்கள் சண்டை போட்டார்கள். கடைக்காரர் பலகையை வெயிலில் சாய்த்து வைத்து, காயும்வரை யாரும் எழுதக் கூடாது என்று சத்தம் போட்டார்.

முடிவு: கலைஞர் 51,290. ஹண்டே 50,591. வித்தியாசம் 699.

அன்று எங்கள் அப்பா வீட்டுக்கு வந்து எதுவும் பேசாமல் படுத்துவிட்டார். அப்பா டாக்டருக்குத்தான் ஓட்டுப் போட்டார், அதனால் வருத்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, காலை 8.00

699 என்பது எவ்வளவு என்று எனக்கு 1996ல்தான் கையில் தெரிந்தது.

அப்போது நான் அரசு வேலையில் சேர்ந்து சில வருஷம். எண்ணிக்கை உதவியாளர் பணி. எந்தத் தொகுதி என்பது இங்கே வேண்டாம். காகித ஓட்டுக் காலம். பெட்டியை மேசையில் கவிழ்ப்பார்கள். மடித்த சீட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து, முத்திரை எந்தச் சின்னத்தில் விழுந்திருக்கிறது என்று முகவர்களுக்குக் காட்டி, ஐம்பது ஐம்பதாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்க வேண்டும். இரண்டு சின்னத்துக்கு நடுவில் கோட்டின் மேல் முத்திரை விழுந்த சீட்டு வந்தால் மேசையே எழுந்து நிற்கும். மடிக்கும்போது மை மறுபக்கத்தில் ஒட்டியிருக்கும். எது அசல் முத்திரை, எது ஒட்டியது என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். அசல் குறி கருத்து இருக்கும், ஒட்டியது வெளிறித் தலைகீழாக இருக்கும். இரவு இரண்டு மணிக்குக் கண் எரியும். அப்போதும் எதிரே உட்கார்ந்திருக்கிற முகவர் கண் கொட்ட மாட்டார்.

ஐம்பது சீட்டுக் கட்டு ஒன்று ஒரு கையில் அடங்கும். 699 என்றால் 14 கட்டு, அதில் ஒரு சீட்டு குறைவு. ஒரு சின்ன மரப்பெட்டிக்குள் போய்விடும். 1991ல் துறைமுகத்தில் கலைஞருக்கு வந்த வித்தியாசம் 890 என்றால் 17 கட்டும் 40 சீட்டும். அவ்வளவுதான் அவருக்கும் தோல்விக்கும் நடுவில் இருந்தது. அந்த மேசையில் உட்கார்ந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், 'தோற்காத தலைவர்' என்று பட்டியல் போடும்போது இந்த இரண்டு கட்டுக் குவியலையும் சேர்த்துச் சொன்னால்தான் மரியாதை. அவருக்கும் மரியாதை, போட்டி போட்டவர்களுக்கும் மரியாதை.

ஆகஸ்ட் 12, காலை 8.25

1996 என்றதும் மொடக்குறிச்சியை ஒருவர் ஞாபகப்படுத்தினார். 1,033 வேட்பாளர்கள், ஓட்டுச் சீட்டே புத்தகமாக அச்சடித்தார்கள். எங்கள் மேசையில் அன்று இரவு அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்: அந்தப் புத்தகங்களை எண்ணப்போகிறவர்கள் எப்படி ஐம்பது ஐம்பதாகக் கட்டுவார்கள், ரப்பர் பேண்ட் தாங்குமா என்று. நல்ல சந்தேகம்தான்.

ஆகஸ்ட் 13, இரவு 9.00

1991ஐ விரித்துச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

ராஜீவ் காந்தி மே 21 ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். மே கடைசியில் நடக்க வேண்டிய வாக்குப்பதிவு ஜூன் 15க்குத் தள்ளிப்போனது. அந்த ஜனவரியிலேயே திமுக ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. மே 21 இரவு தொடங்கி திமுகக் கொடி கட்டிய வண்டி தெருவில் போக முடியாத நிலை, கட்சி அலுவலகங்கள் எரிந்தன. அதிமுக - காங்கிரஸ் அணி 225 இடம் எடுத்தது. அந்த நாளில் துறைமுகத்தில் கலைஞர் 30,932, காங்கிரஸ் கா. சுப்பு 30,042.

இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது: இங்கே தொகுதி மாறவில்லை. 1989ல் 31,991 வித்தியாசத்தில் ஜெயித்த அதே துறைமுகம். தோல்வி வருகிறது என்று அந்த நாளில் குழந்தைக்கும் தெரியும். அவர் அங்கேயே நின்றார். கேள்வி கேட்டவர் சொன்ன விதி சரி என்றால் 1991ல்தான் அவர் ஓடியிருக்க வேண்டும்.

ஜெயித்த பிறகு அந்த இடத்தை ராஜினாமா செய்தார். அது எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. அந்த நாளில் துணிந்து போய் ஓட்டுப் போட்ட 30,932 பேருக்குச் சபையில் குரல் வேண்டாமா? கட்சி தோற்றதற்குப் பொறுப்பேற்றார் என்று சொல்வார்கள். பொறுப்பு என்றால் போய் உட்கார்ந்து எதிரே பேசுவதுதான் என்பது என் எண்ணம்.

ஆகஸ்ட் 14, காலை 6.50

"1984ல் நிற்கவே இல்லையே, அதையும் சொல்லுங்கள்" என்று ஒருவர். சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

1983 ஆகஸ்டில் இலங்கைத் தமிழர் மீதான வன்முறையைக் கண்டித்து அவரும் பேராசிரியர் அன்பழகனும் எம்.எல்.ஏ. பதவியை விட்டார்கள். 1984ல் கலைஞர் மேலவைக்குப் போனார். அந்த டிசம்பரில் பொதுத்தேர்தல் வந்தபோது மேலவை உறுப்பினர், அதனால் நிற்கவில்லை. இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, எம்.ஜி.ஆர். புரூக்ளின் மருத்துவமனையில் படுத்துக்கொண்டே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். திமுகவுக்கு 24 இடம். நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதில் சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வருகிறது. கேள்வி கேட்டவருக்கு வராது. இரண்டுக்கும் இடம் இருக்கிறது. 1986ல் மேலவையையே கலைத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு 1989 வரை அவர் எந்த அவையிலும் இல்லை. 'அறுபது வருஷம் தொடர்ந்து' என்று எழுதுகிறவர்கள் 'தொடர்ந்து' என்ற வார்த்தையை எடுத்துவிடுவது நல்லது.

ஆகஸ்ட் 15, பிற்பகல் 3.10

பாலா என்று கேரளாவில் ஒரு தொகுதி. கே.எம். மாணி. 1965லிருந்து 2016 வரை அந்த ஒரே தொகுதியில் 13 தடவை நின்று 13 தடவையும் ஜெயித்தார். அங்கேயே எம்.எல்.ஏ.வாக இருக்கும்போதே 2019ல் இறந்தார். கலைஞருக்கும் 13, இவருக்கும் 13. ஒருவர் ஏழு இடம், ஒருவர் ஒரே இடம். கேள்வி கேட்டவர் கும்பிடுவேன் என்றாரே, கும்பிட வேண்டிய ஆள் இவர்தான்.

அதே ஊர்ப்பக்கம் புதுப்பள்ளியில் உம்மன் சாண்டி. 1970 முதல் 12 தடவை. இப்படி ஒரே ஊரில் வேர் விட்டு நிற்பதை அங்கே சில தலைவர்களிடம் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எம்.எல்.ஏ. மனு வாங்குவார், கல்யாணம், சாவு எதையும் விட மாட்டார். தமிழ்நாட்டுத் தலைவர்கள் அப்படி வளரவில்லை. எம்.ஜி.ஆர். பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, ஆண்டிபட்டி. ஜெயலலிதா போடிநாயக்கனூர், பர்கூர், காங்கேயம், ஆண்டிபட்டி, ஸ்ரீரங்கம், ஆர்.கே. நகர். எம்.ஜி.ஆர். ஒரு தடவையும் தோற்கவில்லை. ஜெயலலிதா 1996ல் பர்கூரில் சுகவனத்திடம் தோற்றார், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே நிற்கவில்லை. இங்கே தலைவர் என்றால் மாநிலம் முழுக்கத் தொகுதி. எங்கே நின்றாலும் ஆள் வேலை செய்யும் என்ற நம்பிக்கை.

மாணி இறந்த சில மாதத்தில் பாலா இடைத்தேர்தல். அவரை எதிர்த்து நின்று தோற்றுக்கொண்டிருந்த மாணி சி. காப்பன் 2,943 ஓட்டில் ஜெயித்தார். 54 வருஷத்துக்குப் பிறகு, அவர் போனதும் கை மாறியது. திருவாரூரில் கலைஞர் இறந்த பிறகு பூண்டி கலைவாணன் நின்று தொகுதியை வைத்துக்கொண்டார். முதலில் 2019 ஜனவரியில் இடைத்தேர்தல் அறிவித்து, கஜா புயல் நிவாரணம் நடந்துகொண்டிருந்ததால் ரத்து செய்து, ஏப்ரலில் மக்களவைத் தேர்தலோடு நடத்தினார்கள்.

இதை வைத்து எது மேல் என்று நான் சொல்ல மாட்டேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 16, இரவு 10.30

திருவாரூர் பற்றி ஒரு திருத்தம். "கடைசியில் சொந்த ஊருக்கே போனார்" என்று இங்கே நாலு பேர் எழுதிவிட்டார்கள். பிறந்தது திருக்குவளை. அது இப்போது நாகப்பட்டினம் மாவட்டம், கீழ்வேளூர்த் தொகுதி, தனித்தொகுதி. படித்து வளர்ந்தது திருவாரூர். திருவாரூரும் நெடுங்காலம் தனித்தொகுதியாக இருந்தது. ஆசைப்பட்டிருந்தாலும் அவர் அங்கே நின்றிருக்க முடியாது. தொகுதி மறுசீரமைப்பில் அது பொதுத்தொகுதி ஆனது, சேப்பாக்கம் திருவல்லிக்கேணியோடு சேர்ந்து வேறு தொகுதி ஆனது. 2011ல் வந்த முதல் வாய்ப்பிலேயே போனார். இந்த நகர்வை யாரும் ஓட்டம் என்று சொல்ல முடியாது.

2011ல் கட்சிக்கு மொத்தமே 23 இடம். அன்பழகனே வில்லிவாக்கத்தில் தோற்றார். திருவாரூரில் கலைஞர் 1,09,014, எதிரே 58,765. வித்தியாசம் 50,249. 2016ல் வித்தியாசம் 68,366 ஆனது. வயது 91. சக்கர நாற்காலியில் வேட்புமனு.

எனக்கு அந்த 2016 தேர்தலில் திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்யாணம் இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த வயசான அம்மா சொன்னது: "எங்க புள்ள நின்னா போடாம இருப்பமா." கலைஞருக்கும் அந்த அம்மாவுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. குளித்தலையிலோ அண்ணா நகரிலோ அவரை 'எங்க புள்ள' என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கெல்லாம் அவர் தலைவர். அதுதான் மாணிக்குப் பாலாவில் 54 வருஷம் கிடைத்தது, இவருக்குக் கடைசி ஏழு வருஷம் கிடைத்தது.

ஆகஸ்ட் 17, காலை 7.40

கேள்வி கேட்டவர் நேற்று இரவு எழுதியது: "சரி, முதல் இரண்டு நகர்வு மட்டும் ஓட்டம், மிச்சம் இல்லை. சம்மதமா?"

முக்கால் சம்மதம். குளித்தலை - தஞ்சாவூர் நகர்வை இன்னும் என்னால் ஓட்டம் என்று சொல்ல முடியவில்லை. தஞ்சாவூர் - சைதாப்பேட்டை என்றால் சொல்லலாம். 1,928ல் ஜெயித்தவருக்கு அடுத்த முறை என்ன ஆகும் என்று தெரிந்திருக்கும். அவர் கணக்கு சரியென்று பரிசுத்த நாடாரே காட்டிவிட்டார். அரசியலில் அப்படிக் கணக்குப் போடுவதும் ஒரு திறமைதான், அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 19, இரவு 9.15

1980 பற்றி நான் எழுதியதில் ஒரு தப்பு. எண்ணில் இல்லை, என் வீட்டில்.

அம்மாவுக்கு 86 வயது. நேற்று தம்பி வீட்டில் இருந்தார். பேரன் நான் எழுதியதைப் படித்துக் காட்டியிருக்கிறான். இன்று காலை போன் வந்தது. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா டாக்டருக்கு ஓட்டுப் போட்டாருன்னு எழுதியிருக்கியாமே. யாருடா சொன்னா? அவர் அந்த எலக்‌ஷன்ல ஓட்டே போடல."

அப்பா செங்கல்பட்டு மாவட்ட அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. தினமும் ரயிலில் போய்வருவார். அந்தத் தேர்தலில் கிராமத்துச் சாவடி ஒன்றில் அவருக்குப் பணி போட்டார்கள். தபால் ஓட்டு வீட்டுக்கு வந்திருக்கிறது. உறுதிமொழித் தாளில் கெசட்டட் அதிகாரி கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கிவிட்டு அனுப்பலாம் என்று டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்தவர், பயிற்சி, பெட்டி வாங்குவது, சாமான் சரிபார்ப்பது என்று அலைந்ததில் மறந்துவிட்டார். ஞாபகம் வந்தது எண்ணிக்கை நாள் மாலையில், டீக்கடைப் பலகையில் 699 என்று பார்த்தபோது. அதற்காகத்தான் பேசாமல் படுத்திருக்கிறார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் நான் வேறு ஒரு வருத்தத்தை அவர் மேல் ஏற்றி வைத்திருந்தேன். அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

ஆகஸ்ட் 19, இரவு 9.50

இல்லை, ஒரு ஓட்டால் முடிவு மாறியிருக்காது. அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் 1996ல் நான் எண்ணிக்கைப் பணிக்குப் போன அன்று காலை, பிரம்புக் கூடையில் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இப்போதுதான் புரிகிறது: "உன் தபால் ஓட்டை அனுப்பிட்டியா? ரசீது இருக்கா?" ரசீதைக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 20, காலை 6.30

அந்த உறை என்ன ஆச்சு என்று அம்மாவிடம் கேட்டேன். வீடு மாறும்போது டிரங்குப் பெட்டியோடு போயிருக்கும் என்கிறார். பிரிக்கவே இல்லையாம்.

அப்பா யாருக்குப் போட இருந்தார் என்றும் கேட்டேன்.

"அத நான் கேக்கல. அவரும் சொல்லல."